எந்தத் தண்ணி

பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில்தான்
முட்டைகள் கூடுதலாய் இறங்கும்.
அதற்கு முன் மூன்று மாடி ஏறி இறங்கச் சொன்னேன்.
பொரளையில், லிஃப்ட் ஓடும் கட்டடத்தில்,
மாணிக்க வியாபாரி ஒருவர்
வேர்க்க விறுவிறுக்கப் படியேறுவதைக்
காவலாளி சந்தேகமாய்ப் பார்த்தான்.

ஸவாஹிர். மருதானை. வயது நாற்பத்தொன்று.
நீலக்கல் வாங்க மடகஸ்காரில் ஐந்து மாதம்.
திரும்பி வந்தபின் விந்தில் இரத்தம்.
மூன்று வைத்தியர்கள். மூன்று பேரும் கேட்டது
யாரோடு?
யாரோடும் இல்லை என்றார்.
அதை ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.
சிபிலிஸ் இல்லை, கொனோரியா இல்லை, எச்.ஐ.வி. இல்லை.
இல்லைகளால் கோப்புத் தடிக்கத் தடிக்க
மனைவி மற்ற அறையில் படுக்கத் தொடங்கினாள்.

நாலாவது வைத்தியர், சின்னப் பெண்,
கேள்வியை மாற்றினாள்:
எந்தத் தண்ணியில இறங்கினீங்க?

ஒரு ஆறு. பெயர் வாயில் நுழையாது.
சல்லடையில் கல் கழுவும் பொடியன்களோடு
முழங்கால் வரை, சில நாள் இடுப்பு வரை.
வெயிலுக்குச் சுகமாய் இருந்தது என்றார்,
களவை ஒப்புக்கொள்ளும் குரலில்.

சிறுநீரை வடிதாளில் இறக்கினேன்.
மற்றச் சின்னப் போத்தலை
வெள்ளைக் கடதாசியில் சுற்றித் தந்திருந்தார்,
கல் மடிப்பது போல, மூலை மூலையாய்.

இருபத்திரண்டு வருடம் இந்தக் கதிரை.
புத்தகப் படத்தில் மட்டும் கண்ட உரு அது.
அதை வளர்க்கும் நத்தை நம் குளங்களில் இல்லை.
முதல் ஸ்லைட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும்.
மூன்றாவதில், ஓரமாய்,
நீள்வட்டம். நுனியில் ஒரு முள்.
உள்ளே ஏதோ துடித்தது.

நோயாளிக்குக் காட்டக்கூடாது. காட்டினேன்.
இரண்டு கண்ணுக்கான கருவியில்
பழக்கத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.
வெகுநேரம் பேச்சில்லை.
"சூடு காட்டாத கல்லுல இப்பிடித்தான் ஊசி நிக்கும்.
அத வெச்சுத்தான் அசல்னு சொல்ற."
பிறகு, மெல்ல:
"தமிழ்ல எழுதித் தருவீங்களா,
அவ வாசிக்கிற மாதிரி?"

அறிக்கை ஆங்கிலத்தில்தான் போக வேண்டும்.
முத்திரைக்குக் கீழே, நீல மையில்,
ஆற்றுத் தண்ணீரால் வருவது
என்று சேர்த்தேன்.
கையெழுத்து வைத்தேனா என்று இப்போது ஞாபகமில்லை.

பின்னேரம் மழை.
பொரளைச் சந்தியில் கணுக்காலுக்கு வெள்ளம்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தவள்
அப்படியே நின்றேன்.
இந்த ஊரில் அந்த நத்தை இல்லை. எனக்குத் தெரியும்.
என் பஸ் போனது.
அடுத்ததும்.