பழைய டிஸ்க்

யூனிட்டி பிளாசா இரண்டாம் மாடியில்
இல்ஹாம் அடித்துச் சொல்கிறான்:
வரப்போகும் மெஷின்
பழைய டிஸ்க் எல்லாம் வாசிக்குமாம்.
யார் சொன்னது?
டுபாயில் மச்சான்.
மச்சானுக்கு யார்?
சோல்டரிங் புகைக்குள் குனிந்துகொண்டான்.

விலை மட்டும் அதற்குள் பிறந்துவிட்டது:
என் ஐந்து மாதச் சம்பளம்,
சுங்கத் தீர்வை புறம்பு.

பிரிந்தபோது பெட்டியைத் தர்மினி எடுத்தாள்,
டிஸ்க்குகளை நான்.
சண்டை பிடிக்காமல் பங்கிட்டது அது ஒன்றைத்தான்.
பதினேழு டிஸ்க்.
கால்பந்து டிஸ்க்கின் முதுகில்
சிவப்பு நெயில் பொலிஷ் பொட்டு,
தன்னுடையது என்ற அடையாளத்துக்கு.

அந்தப் பெட்டி இப்போது வெள்ளவத்தையில்.
நூறாம் இலக்க பஸ்,
மூன்றே தரிப்பிடம்.

"புக் பண்ணவா?" என்கிறான் இல்ஹாம்.
பொறு, என்கிறேன்,
சில்லறையை எண்ணியபடி.