பிசிறு

வேப்பங்கொத்தைக் கதவு நிலையில் செருகிவிட்டு
அந்தப் பக்கமே நின்று சொன்னாள் துளசிமணியக்கா:
"அம்மா வந்திருக்கா தம்பி,
பதனமாப் பாத்துக்க."

பாயிலிருந்து எழுந்து
வாசலுக்கு ஓடினாள் சம்யுக்தா.
படியில் செருப்பில்லை.
காம்பவுண்டுக் குழாயடியில்
யாருடையதோ ஒரு குடம்
நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"எங்க?" என்றாள்.

நாலரை வயதுக்கு
எந்த அம்மாவை எப்படிப் பிரித்துச் சொல்வது.
மேலெல்லாம் முத்தாக இறங்கியிருப்பவள் ஒருத்தி.
ஏழு மாத வயிற்றோடு
ஊத்துக்குளியில் அண்ணன் வீட்டுக்கு
நேற்று நான் பஸ் ஏற்றிவிட்டவள் ஒருத்தி.
சின்ன வயதில் அம்மை கண்டதில்லை கோகிலவாணிக்கு.
ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு
பேனாவை மூடியபடியே சொன்னார் டாக்டர்:
"இனி அந்த வீட்டுல இருக்க வேண்டாம்."

தாளிக்கக் கூடாது என்கிறாள் அக்கா.
நேரம் தவறாமல் சிரப் என்கிறார் டாக்டர்.
இரண்டு பேருக்கும் சரி என்றேன்.
கடுகில்லாத ரசம்
எனக்கும்தான் இறங்கவில்லை.

பகலில் எங்கோ படுத்துக் கிடக்கிறது அரிப்பு.
விளக்கை அணைத்ததும்
செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறது.
"நமநமங்குதுப்பா."
முதுகில். மயிருக்குள். காது மடலின் பின்னால்.
சொல்லக் கூச்சப்பட்டுக்
காலை இறுக்கிக்கொள்கிற இடத்தில்.
நகத்தை ஒட்ட வெட்டியாயிற்று.
ரோஸ் மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு
வைக்க வைக்க
வெள்ளையடித்த சுவர் மாதிரி
காய்ந்து நிற்கிறாள்.

"ஊதுங்கப்பா."
ஊதுகிறேன்.
"அங்கில்ல, இங்க."
ஊதுகிறேன்.
இத்தனை நாள்
கம்பெனி டீயை ஆற்ற மட்டுமே
உதவிய மூச்சு.

லீவு சொல்லப் போன பத்து நிமிசத்தில்
கட்டிங் வேஸ்ட்டைக் கிளறி
மெத்தென்ற துணியாகப் பார்த்து
இரண்டு கையுறை அடித்து வந்தேன்.
ஷிப்மெண்ட் ஷிப்மெண்ட் என்று
எட்ட நின்றே புலம்பினார் சூப்பர்வைசர்.
பதினோரு வருசமாக ஓவர்லாக்கில்
மூட்டை உள்ளே மறைப்பதுதான் என் பிழைப்பு.
இதை மட்டும் புரட்டாமல் விட்டேன்,
தையல் ஊருக்குத் தெரியட்டும்,
அவளுக்கு ஒரு நூல்கூட உறுத்தக் கூடாது.
அவசரத்தில் பிசிறும் வெட்டவில்லை.

"திருப்பித் தெச்சுட்டீங்கப்பா."
ஆமாஞ்சாமி.

ஒன்பதரைக்கு வீடியோவில் வந்தாள் கோகிலவாணி.
முகத்தைப் பார்த்ததும்
போனைக் கொஞ்சம் நகர்த்திவைத்தாள்;
திரையில் அண்ணன் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றியது.
"அம்மா போட்டிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க"
என்றாள் இவள்.
"நீயாம்மா போட்ட?"

மின்விசிறி சுற்றியது.
சுற்றியது.
பிறகு குரல் மட்டும் வந்தது:
"ஆமாங்கண்ணு. எத்தன போட்டேன்னு
மறந்துபோச்சு. எண்ணிச் சொல்லு."

விரலில்லாத வெள்ளைக் கையால்
ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.
தொப்புளைச் சுற்றியே பதினொன்று.
தொட்டாள், சொறியவில்லை.
அதுதான் எனக்கு அதிசயம்.
முட்டியில் ஒன்று உடைந்திருந்தது,
அதைச் சேர்த்துக்கலாமா என்று கேட்டுச்
சேர்த்துக்கொண்டாள்.
இருபத்தொன்பதுக்கு அப்புறம்
"இருபத்திப்பத்து" என்றாள்.
நாங்கள் இரண்டு பேரும் திருத்தவில்லை.

இருபத்திப்பதினாலில் தூங்கிப்போனாள்.

பாயில் கிடந்த போனிலிருந்து
"அப்பறம்?" என்றது குரல்.
கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் மெதுவாக,
"அப்பறம்?"
தூங்கிட்டா என்று
உதட்டை மட்டும் அசைத்தேன், இருட்டில்.
தெரிந்திருக்காது.

கையுறைக் கை ஒன்று
என் கழுத்தின் மேல் விழுந்து கிடக்கிறது.
வெட்டாமல் விட்ட நூல்
காதுக்குக் கீழே
ஊர்கிறது, நிற்கிறது, மறுபடி ஊர்கிறது.
கையெடுத்தால் விழித்துக்கொள்வாள்.

மணி பதினொன்றே கால்.
அரிக்கிறது.