வாட்டுமாடியில் ஆறு நிமிடம்

பிள்ளைக்கா என்று கேட்டார் ஹட்டன் கடைக்காரர்.
ஆமென்றேன்.
எனக்குப் பிள்ளை இல்லை. நாற்பத்தொரு வயது.
ஸ்டோரில் வாட்டுமாடி வேலை.

உள்ளங்கை நீளம். மேலே இரண்டு விசிறி
ஒன்றுக்கொன்று எதிராய்ச் சுற்றும்.
வாலில் ஒன்று, சுண்டுவிரல் நகத்தளவு.
கொழுந்துத் தராசில் வைத்துப் பார்த்தேன்.
முள் அசையவில்லை.
கோணிக்கும் ஈரத்துக்கும் கழித்திருந்தால்
நான் தோட்டத்துக்குக் கடன்பட்டிருப்பேன்.

முதலில் லயத்தில்தான் பறக்கவிட்டேன்.
நடுச்சுவர் கூரையைத் தொடாத வீடு.
கொடிக்கயிறு தாண்டி, சுவர் தாண்டி,
சந்திரமதி வீட்டுச் சோற்றுப்பானை பக்கத்தில்
போய் உட்கார்ந்துகொண்டது.
உப்பு இரவல் கேட்பவனைப்போல்
வாசலைச் சுற்றிப் போய் வாங்கிவந்தேன்.

பிறகுதான் மாடி நினைவுக்கு வந்தது.
நூற்றிருபது அடி. ஜன்னலெல்லாம் மூடியிருக்கும்.
வெளியே பனி வந்து
கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்கும்.
ஞாயிறு ராத்திரி தட்டுகள் காலி,
கடைசித் தட்டில் மட்டும் கைக்காசுக் கொழுந்து.

இடது கட்டைவிரல் உயரம்,
வலது கட்டைவிரல் திசை.
சொன்னால் இவ்வளவுதான்.
கொஞ்சம் கொடுத்தால் உத்தரம்,
கொஞ்சம் எடுத்தால் தரை.
இடையில் எங்கோ மயிரிழை அகலத்தில் ஓர் இடம்.
அங்கே அது நின்றது,
தன் காற்றின் மேல் தானே உட்கார்ந்து.
நகர்ந்துவிடுமென்று
மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

இருபது நிமிடம் சார்ஜ், ஆறு நிமிடம் பறப்பு.
மூன்றாம் தடவை துணிச்சல் வந்தது.
ஒவ்வொரு தட்டாகக் கடத்தி
கடைசித் தட்டுக்குக் கொண்டுபோனேன்.
அங்கே அடியில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்ததை
மறக்கவில்லை.
நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

கொழுந்துக்குள்ளிருந்து வந்த காற்று
கீழிருந்து ஏந்தியது.
விரலைக் குறைத்தேன். ஏறியது.
இன்னும் குறைத்தேன். இன்னும் ஏறியது.
அந்த நேரம் அதை ஓட்டியது நானல்ல,
நாலாம் நம்பர் மலையில்
காலையில் கிள்ளிய பச்சை.
உத்தரத்தில் டிக்கென்று ஒரு சத்தம்.
பிறகு கொழுந்தின் மேல் மெத்தென்று.

எடுத்துப் பார்த்தால் வாலில் விசிறி இல்லை.

எண்ணூறு கிலோ.
இரண்டு மணிக்கு ரோலருக்கு இறங்க வேண்டும்.
டார்ச்சைப் பல்லில் கடித்துப் பிடிபிடியாய்ப் புரட்டினேன்.
கிருபைராஜ் ஏறிவந்தான், ரோலர்க்காரன்.
என்னா தேடுறே?
நகம் மாதிரி ஒன்னு.
யாரோட நகம்?
சொன்னேன்.
சிரிப்பான் என்று பார்த்தேன்.
கையைக் கழுவிக்கொண்டு வந்து
மறுபக்கத்திலிருந்து தொடங்கினான்.

கிடைக்கவில்லை.
எந்த ஊரிலோ யாரோ ஒருவர்
பல்லில் எதுவோ இடறி
கோப்பைக்குள் எட்டிப்பார்ப்பார்.
அந்த முகம் தெரியாத பல்லுக்குப் பயந்து
டீமேக்கர் ஐயாவை எழுப்பினேன்.
பாதி சிங்களத்தில் திட்டினார், பாதி தமிழில்.
தமிழ்ப் பாதிதான் சுட்டது.
அரைநாள் சம்பளம் போனது.
அந்தத் தட்டு மட்டும் தனியாய்,
இரண்டு முறை சல்லடை.

பத்து மணிக்கு, குச்சி பொறுக்கும் தவமலர்
இரண்டு விரலில் தூக்கிக் காட்டினாள்.
ரோலரில் முறுகி, அடுப்பில் சுருங்கி,
முதல்தரத் தூளைவிட
முதல்தரமாய் இருந்தது.
எப்படிக் கண்டுபிடிச்சே என்றேன்.
இது மட்டும் மணக்கல, என்றாள்.

அடுத்த ஞாயிறு
வால்விசிறி இல்லாமலே ஏற்றினேன்.
முன்னே போகாது, பின்னே வராது.
எழும். இருந்த இடத்தில் திரும்பும். நிற்கும்.
ரோலரைத் துடைத்த கையோடு
கிருபைராஜ் வந்து கையை நீட்டினான்.
கொடுத்தேன்.
முதலில் உத்தரம். பிறகு தரை. பிறகு உத்தரம்.
பிறகு எப்படியோ அந்த மயிரிழையைக் கண்டுவிட்டான்.
நல்லா வருதே, என்று வாயெடுத்தேன்.

மூச்சு விடாதே, என்றான்.