இளஞ்சிவப்புத் தாள்

முதலில் வந்தது நேர்மை அல்ல, டீசல்.
மாதம் இருநூறு லீற்றர்,
ஜீப்புக்கென்று, கணக்குக் கொப்பியோடு.

அதுவரை, களவு கொடுத்தவரே
எண்ணெய் அடித்து எங்களைக் கூட்டிப்போக வேண்டும்.
"ஜீப்பில எண்ணெய் இல்லை, ஐயா."
நான் சொன்னது பொய்யில்லை.
அந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டு
எட்டு வருசம் பிழைத்தேன்.

நான் மரியசீலன். முறைப்பாட்டு மேசை.
காக்கிச் சட்டையின் இடப்பக்கப் பையில்
பொத்தான் எப்போதும் திறந்தே கிடக்கும்.
அதில் விழுந்ததில் பாதி
எனக்கில்லை, மேலே போகும்.
மேலே என்றால் எவ்வளவு மேலே என்று
நான் கேட்டதில்லை.
ஏணியில் நிற்பவன் அண்ணாந்து பார்த்தால்
தலை சுற்றும்.

அடுத்தது கொப்பி.
பழைய கொப்பி நூலில் தைத்தது.
ஒரு தாளைக் கிழித்தால்
அதோடு பிணைந்த மறுதாளும் தானே கழன்றுவிடும்.
அப்படிக் கழன்றன
யாரோ ஒருத்தியின் சங்கிலியும்
நாவற்குழிக்காரர் ஒருவரின் மூன்று ஆடுகளும்.
புதியதில் தாளுக்குத் தாள் அச்சடித்த இலக்கம்.
வெள்ளை எங்களுக்கு,
மஞ்சள் எங்களைக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு,
இளஞ்சிவப்பு வந்தவருக்கு.
வந்தவரின் மொழியில் எழுது,
வாசித்துக் காட்டு,
பிறகு கையெழுத்து வாங்கு என்றது சுற்றறிக்கை.
முன்பு, தெரியாத எழுத்துக்குக் கீழே
தன் பெயரை வைத்துவிட்டுப் போவார்கள்,
முன்பின் அறியாத ஒருவனுக்குப்
பிணை நிற்பதுபோல.

சந்திகளுக்கும் விலை இருந்தது.
இரவில் மணல் டிப்பர் திரும்பும் சந்திக்கு ஒரு விலை.
பள்ளிக்கூடச் சந்தி சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.
இப்போது காலை ஆறு மணிக்கு
பிஸ்கட் ரின்னுக்குள் சீட்டு.
சார்ஜன்ட் ரத்னசேகரவுக்கு
முதல் நாளே விழுந்தது பள்ளிக்கூடம்.
வெயிலில் நின்று பிள்ளைகளை றோட்டுக் கடக்கவிட்டு,
பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றி
விரல்களைப் பார்த்தபடி இருந்தார்.
மறுநாள் காலை,
"ரின்னை இன்னும் கொஞ்சம் குலுக்கு" என்றார்.

மனம் திருந்தியவன் என்று
என்னைப் பற்றி எழுதிவிடாதீர்கள்.
கை வழக்கமாகப் போகிற பாதையில்
ஒரு கதவு போட்டுப் பூட்டினார்கள்.
இரவில் இப்போதும்
விரல் அந்தப் பொத்தானைத் தடவும்.

புன்னாலைக்கட்டுவன் பத்மசேனன் வந்தது
கார்த்திகை மழையில்.
தோட்டத்து நீர்ப்பம்பி களவு போய்விட்டது.
இரண்டாயிரம் கன்று வெங்காயம், என்றார்,
மழை விட்டால் இறைக்க வேண்டுமாம்.
அடையாள அட்டையை நீட்டினார்.
அதன் கீழே நாலாய் மடித்த ஐந்நூறு.
அட்டையை எடுத்துக்கொண்டு
நோட்டைத் திருப்பித் தள்ளினேன்.

அவர் முகம் வெளுத்தது.
போதாது என்று நினைத்துவிட்டார்.
சாரத்து மடியை அவிழ்த்து
இன்னொரு நோட்டைத் தேடி எடுத்தார், நனைந்தது.
மேசையில் அதை நீவிவிட்டார்.
"இவ்வளவுதான் இருக்கு, தம்பி."

எட்டு வருசத்தில் எங்கள் கூட்டில் நின்ற
ஆயிரம் பேர் என்னைத் திட்டியிருப்பார்கள்.
ஒன்றும் தைக்கவில்லை.
இது தைத்தது.

எழுதினேன். உரத்து வாசித்தேன்.
"ஹொண்டா இல்லை, யமாஹா" என்று திருத்தினார்.
திருத்தினேன்.
இளஞ்சிவப்புத் தாளைக் கிழித்துக் கொடுத்தபோது
நோட்டு இருந்த அதே மடியில்
அதே மாதிரி நாலாய் மடித்து வைத்தார்.

பம்பி கிடைக்கவில்லை.

பதினாறு நாள் கழித்து வந்தார்.
வாசலில் செருப்பைக் கழற்றவில்லை.
கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.
தாளை மேசையில் விரித்து
விரலை வைத்துக் கேட்டார்:
"முந்நூற்றுப் பதினேழுக்கு என்ன நடந்தது?"

அப்படி ஒருவரும் அங்கே கேட்டதில்லை.
ரத்னசேகர தலையை நிமிர்த்தினார்.
சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
எழும்பி, ஆணியில் தொங்கிய
ஜீப்புத் திறப்பை எடுத்தேன்.
டீசல் இருந்தது.