ஏழுக்குப் போகும் வழி

டீக்கடையில் எத்தனை என்று கேட்டால்
நான் ஒன்றிலிருந்து கிளம்ப வேண்டும்.
ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று
வாய்க்குள்ளேயே நடந்துபோய்
அஞ்சு டீ என்று சொல்வதற்குள்
பால் பொங்கி அடங்கிவிடும்.
நேராக ஐந்தில் போய் இறங்க
எனக்கு இப்போது பஸ் கிடையாது.

காசிமேட்டில் பதினாறு வருஷம் ஏலம் விட்டவன்.
ஒரு கூடை சங்கராவை எழுநூறில் தூக்கி
மூச்சு விடாமல்
ஆயிரத்து நானூற்றைம்பதில் இறக்கி வைப்பேன்.
எதிரே ஒருத்தன் கண் சிமிட்டினால்
விலை கேட்கிறானா
கண்ணில் கொசு விழுந்ததா
என்று தெரியும் எனக்கு.

எண்ணூர் ரோட்டில்
கண்டெய்னர் லாரிகள் வரிசையாய்த் தூங்கும் ஓரத்தில்
மணல் கொட்டிக் கிடந்ததாம்.
எனக்கு ஞாபகம் இருப்பது
பெட்ரோல் போட்டுச் சில்லறை வாங்கியது மட்டும்.
எவ்வளவு சில்லறை என்று கேட்காதீர்கள்.

ஸ்டான்லியில்
மண்டையோட்டில் ஒரு சில்லு எடுத்து
வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள்,
வீக்கம் வடிந்ததும் திருப்பி மாட்ட.
நாலு மாசம் என் தலையை
வயிற்றில் சுமந்து திரிந்தேன்.
'கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அங்கதான இருக்கு'
என்றாளாம் அமலோற்பவம்.

அந்தப் பெயரை முழுசாய்ச் சொல்ல
ஒன்றரை வருஷம் பிடித்தது.
கெட்ட வார்த்தைகளுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை.
கண் திறந்த அன்றே
வரிசை மாறாமல் வந்தன.
நர்ஸம்மா சிலுவை போட்டுக்கொண்டாராம்.

ஃபர்ஹானா மேடம்
அட்டையின் விளிம்பில் துணி கிளிப் மாட்டச் சொல்வார்.
வலது கை என் பேச்சைக் கேட்காது,
கடன் வாங்கினவன் மாதிரி வேறு பக்கம் பார்க்கும்.
'மூளை புதுசா வழி போட்டுக்கும் தனிஸ்லாஸ் சார்.'
திருவொற்றியூர் ஹைரோட்டில்
மெட்ரோவுக்கு வழி போட்டபோது
எத்தனை வருஷம் சந்து சந்தாய்ச் சுற்றினோம்
என்று கேட்க நினைத்தேன்.
'எத்தனை' வரை வந்தது.
'இருபது போதும்' என்றார் அவர்,
கிளிப்பைக் கேட்டேன் என்று நினைத்து.

இன்னொன்று.
எனக்கு மீன் நாற்றம் தெரியாது.
எந்த நாற்றமும் தெரியாது.
காசிமேட்டில் குடியிருந்துகொண்டு
இதை யாரிடம் போய்ச் சொல்வது?
கேஸ் கசிந்த அன்று
நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து
கவனமாய் இருபது கிளிப் மாட்டி முடித்திருந்தேன்.

மூன்றாம் வருஷம் லூர்து என்னைக்
ஹார்பருக்குக் கூட்டிப் போனான்.
விடியற்காலை மூணு மணி, ஐஸ் உடைக்கும் சத்தம்
ஒவ்வொன்றும் தையல் போட்ட இடத்தில் விழுந்தது.
இப்போது அவன்தான் ஏலம் விடுகிறான்.
கூடை எழுநூறில் ஆரம்பித்தது.
நான் கிளம்பினேன்,
ஒண்ணு ரெண்டு மூணு...
நாலைத் தாண்டும்போது
கூடை வண்டியில் ஏறிவிட்டது.
'அண்ணன் நல்லா தேறிட்டாரு' என்று
யாரோ என் தோளைத் தட்டினார்கள்.
நானும் சிரித்தேன்.
அன்று சாயங்காலம் வரை தூங்கினேன்.

எண்ணுவதில் கஷ்டம் கிளம்புவது இல்லை,
நிற்பது.
ஃபர்ஹானா மேடம் ஆறு பொத்தான் வைத்தால்
நான் ஒன்பதுக்குப் போய்விடுவேன்.
பொத்தான் தீர்ந்தது வாய்க்குத் தெரியாது.

நேற்று கரண்ட் இல்லை.
வலிப்பு மாத்திரையை எடுத்துக் கொடுக்க
மெழுகுவர்த்தியோடு அவள் குனிந்தபோது
புருவத்துக்கு மேல் பழைய தையல் தெரிந்தது.
கதவு இடித்தது என்று
எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.
எங்கள் வீட்டுச் சொம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது.
முதல் வருஷத்தில் என்னவெல்லாம் செய்தேன்
என்று எனக்குத் தெரியாது.

விரலை வைத்தேன்.
ஒண்ணு.
ரெண்டு.
மூணு.

அங்கேயே நின்றேன்.
'கதவுதான்' என்றாள்,
நான் ஒன்றும் கேட்கவில்லை.