நான்கு நிமிட உருளைக்கிழங்கு

சொல்லத் தொடங்குமுன்பே எங்ராசியா
பானையை அடுப்பில் ஏற்றிவிட்டாள்.
புகை லென்ஸில் படியாமலிருக்க
தொப்பியால் விசிறிக்கொண்டே படம் பிடித்தான் வில்பர்.
அடுப்படியில் கினிப்பன்றிகள் கீச்சிட்டன.
ஒலிக்கு ஆகாது, வெளியே விடலாமா என்று கேட்டார்கள்.
எங்கே போகும், அதுகளுக்கும் இதுதான் வீடு என்றாள்.

பிறகு சொன்னாள்.
பள்ளிக்கூடம் முகாமானது,
புருஷனை உடுத்திய துணியோடு லாரியில் ஏற்றியது,
மறுநாள் கம்பளியோடு போய் நின்றவளிடம்
அப்படி யாரும் இங்கில்லை என்றது.
முப்பத்திநான்கு வருஷத்தை
கடன்கணக்கு ஒப்பிப்பதுபோல.

நடுவில் எழுந்தாள்.
கேமராவுக்கு முதுகு காட்டி
கிழங்குகளைக் கத்தியால் குத்திப் பார்த்தாள்,
ஒவ்வொன்றாக,
வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி.
நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

வெட்டியவன் நான்.
லிமாவில், ஆறிப்போன காப்பியோடு.
எனக்குக் கெச்சுவா தெரியாது.
மொழிபெயர்த்த பெண் அந்த இடத்தில்
'சமையல் பேச்சு' என்று குறித்திருந்தாள்.
முகத்திலிருந்து முகத்துக்குத் தாவினேன்.
தையலே தெரியவில்லை என்று
ஏதோ ஒரு விழாவில் மெச்சினார்கள்.

தெரிந்தது ஒருவருக்கு,
எதிர்த்தரப்பு வக்கீலுக்கு.
பேனாவால் திரையைச் சுட்டினார்:
இங்கே புகை இடப்பக்கம் சாய்கிறது,
அடுத்த நொடியே வலப்பக்கம்.
எதை மறைத்தீர்கள்?
யார் சொல்லிக்கொடுத்தது?
முழுப் பதிவும் வேண்டும்.

கொடுத்தோம்.
நீதிமன்றம் ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்தது.
பானை கொதிப்பதைக் கேட்டது.
நீதிபதிகளில் ஒருவர் மணி பார்த்தார்.
அந்த மலையில் பிறந்த மொழிபெயர்ப்பாளர் மட்டும்
ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.
இன்னொரு முறை, என்றார்.
கினிப்பன்றி. கத்தி. கொதி.
இன்னொரு முறை.

பிறகு ஸ்பானிய மொழியில், மெல்ல:
ஒரு பதவி, ஒரு பெயர், ஒரு ஊர்.
லாரியருகே நின்று
பட்டியலில் கோடு போட்டவன்.

வக்கீல் பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் அவளிடம் கேட்டேன்,
அதை ஏன் பானையிடம் சொன்னீர்கள்?
'அந்தப் பேரைச் சொல்லும்போது
என் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.
அதை உங்களுக்குத் தருவதாக இல்லை.'

கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள்.
'அன்றைக்குக் கிழங்கும் வேகவில்லை.
நடுவில் கல்லாக இருந்தது.
உங்கள் ஆட்கள்தான்
நன்றாயிருக்கிறது நன்றாயிருக்கிறது என்று
சொல்லிச்சொல்லித் தின்றார்கள்.'