கடலுக்கு முதுகு

குளிர்காலம் முழுக்க அலை இருந்தது, காசில்லை.
ஜூன் பிறந்தால் காசு வரும்,
அட்லாண்டிக் படுத்துவிடும்.
ஸ்டிராண்ட்ஹில்லில் இதை யாரும் புகாராகச் சொல்வதில்லை.
மழை பெய்கிறது என்பதுபோல் சொல்வார்கள்.

திங்கள், சீஸ் கம்பெனி:
வெள்ளைப் பின்னணியில் அறுபது கட்டிகள்,
ஒவ்வொன்றுக்கும் வாடகைக்கு எடுத்ததுபோல் ஒரு மெல்லிய நிழல்.
புதன், விற்பனைக்கு வந்த வீடு.
குளியலறையைக் கூடமாகக் காட்டும் லென்ஸ் என்னிடம் உண்டு,
என் அறைக்குள் அதை இதுவரை திறந்ததில்லை.
சனிதோறும் கல்யாணம்.

இரவு பத்துவரை வெளிச்சம் தங்கும் ஊர்.
அந்த ஒரு சலுகையில்தான் பிழைக்கிறேன்.
எட்டரைக்கு மெமரி கார்டுகளை பிஸ்கட் டப்பாவில் மூடிவைத்து
ஒன்பதுக்கு, நேற்றைய ஈரம் காயாத ரப்பர் உடைக்குள்
கெட்டவார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே காலை நுழைப்பேன்.
முழங்கால் உயரம்கூட இல்லாத அலை.
பரவாயில்லை.
பலகைமேல் உட்கார்ந்து காத்திருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது;
பாக்கிப் பணம் கேட்டுப் போட்ட மின்னஞ்சலுக்குக்
காத்திருப்பதில் அது இல்லை.

திரும்பி வந்து படங்களைத் திருத்தக் குனிந்தால்
மூக்கிலிருந்து கடல் கொட்டும்,
முன்னறிவிப்பே இல்லாமல்.
போன வருடம் யாரோ ஒரு மணப்பெண்ணின்
கழுத்து நிழலை நீக்கிக்கொண்டிருந்தேன்.
ஷிஃப்ட் பொத்தான் இன்னும் ஒட்டுகிறது.

ஜூலை பதினெட்டு, சனி.
கிளோடாவுக்கும் ஃபியக்ராவுக்கும்.
முன்பணம் ஜனவரியில் வந்து
ஜனவரியிலேயே வேனின் கிளட்ச் ஆகிவிட்டது.
காலை ஆறேகாலுக்கு டோனலின் செய்தி:
நாலடி.
கொண்டல்.
ஆளில்லை.
பிளம்பர் அவன். பில்லைக்கூட
இவ்வளவு சுருக்கமாக எழுதமாட்டான்.

பகல் முழுக்க நான் ஒழுங்காக இருந்தேன்.
மோதிரம், கேக், அழுதுவிட்ட மாமா,
செருப்பைக் கையில் பிடித்து ஆடிய தோழிகள்.
ஐந்தரைக்கு ஜோடியைப் புல்மேட்டுக்குக் கூட்டிப்போனேன்.
"கடலைப் பார்த்து நிற்கட்டுமா?" என்றான் ஃபியக்ரா.
"வேண்டாம், கடலுக்கு முதுகு. வெளிச்சம் அப்படி."
பாதி உண்மை.
மீதிப்பாதி அவன் தோளுக்குப் பின்னால்
வரிசை கட்டி வந்துகொண்டிருந்தது.
ஒன்று. இரண்டு. மூன்றாவது பெரிது.
கொண்டல் அதன் உச்சிமுடியைப் பின்னுக்குச் சீவ,
அன்றைக்கு மூன்றாம் முறையாக இறங்கிய டோனல்
அதன் வயிற்றில் ஒரு காற்புள்ளியாக வளைந்து...
"நாங்க சிரிக்கலாமா?" என்றாள் கிளோடா.
"சிரிங்க," என்றேன்.
நான் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவள் கடிதம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு படமும் அழகு.
ஒன்றில் மட்டும் நாங்கள் மங்கல்,
பின்னால் கடல் துல்லியம். தப்பா?

தப்புதான் என்று எழுதினேன்.
பத்து சதவீதம் குறைத்துக்கொள்வதாகவும்.

குறைக்க வேண்டாம், அதைத்தான் பெரிதாக மாட்டப்போகிறோம்,
அந்தப் பலகைக்காரரை மட்டும் எடுத்துவிட முடியுமா?
வருகிறவர்கள் எல்லாரும் அவரையே பார்க்கிறார்கள்.

நள்ளிரவில் டோனலைத் துடைத்தேன்.
முதலில் நீட்டிய கையை. பிறகு பலகை.
முதுகு கடைசியாகப் போனது,
பக்கத்துத் தண்ணீரை அள்ளி அதன்மேல் பூசவேண்டியிருந்தது.
அலை நின்றது, உடைய ஒரு நொடி இருக்கையில்,
நாலடி, கொண்டல், ஆளில்லை.

திரை நிறையப் பெரிதாக்கி
எந்த இடத்தில் எழுந்து நின்றிருப்பேன் என்று
கொஞ்ச நேரம் தேடினேன்.
இடது ஓரத்தில், அவள் முக்காட்டின் நுனிக்கு மேலே.
சற்றுப் பிந்திக்கூட இருக்கலாம், எனக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று.

வேறு பெயரில் சேமிக்கப் போனேன்.
ஷிஃப்ட் ஒட்டிக்கொண்டது.